ஐ2சி சாதனத்தைப் பயனர் வெளியிலிருந்தே லினக்ஸ் கர்னலிடம் பதிவு செய்வது எப்படி?

கடிகாரச் சில்லையோ வெப்பமானியையோ ஐ2சி கம்பிகளில், அதாவது சில்லுகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பிப் பொதுத் தடமான பஸ்ஸில், இணைத்தாகிவிட்டது. ஸ்கேன் செய்தால் அதன் முகவரியும் தெரிகிறது. ஆனால் லினக்ஸில் கடிகாரமும் இல்லை, வெப்பநிலையும் இல்லை. இந்த இடத்தில் பலர் போர்டையோ சில்லையோ சந்தேகித்து, வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டிலும் குறை இருப்பதில்லை. யுஎஸ்பி, பிசிஐ சாதனங்கள் கேட்டால் தாம் யார் என்று சொல்லும். ஐ2சி சாதனம் சொல்லாது. அது முகவரிக்குப் பதில் தருமே தவிர, தன் பெயரைச் சொல்வதற்கு அந்தப் பஸ்ஸில் பொது வழி எதுவும் கிடையாது. எந்த முகவரியில் எந்தச் சில்லு இருக்கிறது என்பதை யாராவது லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்லியாக வேண்டும்.

வழக்கமாக, போர்டில் உள்ள வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ அல்லது ஏசிபிஐ அட்டவணை அந்த வேலையைச் செய்கிறது. நீங்களே சாலிடர் செய்த போர்டு, சோதனைக்காக மாட்டிய சென்சார், யுஎஸ்பி வழியாக வரும் ஐ2சி அடாப்டர் ஆகியவற்றுக்கு அந்த அட்டவணையில் இடம் இருக்காது. அப்போது பயனர் வெளியிலிருந்து, அதாவது கர்னலுக்கு வெளியே சாதாரணக் கட்டளைகளால், வேலையை முடிக்கக் கைகொடுப்பது சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) உள்ள நியூ_டிவைஸ் என்ற கோப்பு. கர்னலை மறுபடி கம்பைல் செய்யவும் வேண்டாம், கணினியை மறுபடி தொடங்கவும் வேண்டாம்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். 0எக்ஸ்68 என்று இருந்தால் அது பதினாறடிமான எண் 68.

1. கையில் இருக்க வேண்டியவை

முதல் ஆவணம் சில்லின் டேட்டாஷீட். அதில் தேவைப்படுவது இரண்டு பக்கங்கள்தான்: முகவரியைச் சொல்லும் பக்கம், மின்னழுத்தத்தைச் சொல்லும் பக்கம். இரண்டாவது, உங்கள் போர்டின் சுற்றுப்படம் அல்லது பின் அட்டவணை. மூன்றாவது, இப்போது ஓடும் கர்னலின் கான்ஃபிக் கோப்பு. பல விநியோகங்களில் அது பூட் கோப்புறையில் கர்னல் பதிப்பு எண்ணோடு இருக்கும். உங்கள் சில்லை இயக்கும் நிரலான டிரைவர் அதில் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறதா, தனியே ஏற்றும் மாட்யூலாக இருக்கிறதா, அறவே இல்லையா என்று முதலிலேயே பாருங்கள். இல்லை என்றால் இந்தக் கட்டுரையின் மற்ற படிகளால் பயனில்லை. முதலில் அந்த மாட்யூலைப் பெறுங்கள்.

ரூட் உரிமை கட்டாயம். ஐ2சி-டூல்ஸ் பொதியையும் நிறுவிக்கொள்ளுங்கள், அது இலவசம். அதன் கருவிகள் வேலை செய்ய ஐ2சி-டெவ் மாட்யூல் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்: மோட்ப்ரோப் ஐ2சி-டெவ்.

உண்மையான செலவு வரக்கூடிய இடம் மின்னழுத்தம். 3.3 வோல்ட் பின்கள் கொண்ட போர்டில், புல்-அப் மின்தடைகளை (கம்பியை உயர்நிலையில் பிடித்து வைப்பவை) 5 வோல்ட்டுக்கு இழுத்திருக்கும் சில்லுப் பலகையை மாட்டினால் போர்டே போய்விடலாம். கம்பியை இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். புல்-அப் எதுவுமே இல்லை என்றால் பஸ் பேசாது. 4.7 கிலோ ஓம் பலரும் பயன்படுத்தும் மதிப்பு.

2. வன்பொருளைத் தொடும் முன் ஒத்திகை

இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்காதீர்கள். ஐ2சி-ஸ்டப் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. அது நினைவகத்திலேயே ஒரு போலிப் பஸ்ஸை உருவாக்கும். ஏற்றும்போது சிப்_அட்ரஸ்=0எக்ஸ்48 என்று கொடுங்கள். முகவரி கொடுக்காவிட்டால் ஏறாது. சில விநியோகங்களில் இந்த மாட்யூல் கூடுதல் மாட்யூல்களுக்கான தனிப் பொதியில் இருக்கும்.

புதிய பஸ்ஸின் எண்ணை ஐ2சிடிடெக்ட் -எல் காட்டும். அதன் பெயரில் எஸ்எம்பஸ் ஸ்டப் என்று இருக்கும். எண் 7 என்று வைத்துக்கொள்வோம். முதலில் சில்லின் உள்சேமிப்பிடமான வெப்பநிலைப் பதிவேட்டில் ஒரு மதிப்பை எழுதுங்கள்:

ஐ2சிசெட் -ஒய் 7 0எக்ஸ்48 0எக்ஸ்00 0எக்ஸ்0019 டபிள்யூ

பிறகு 6-ஆம் படியில் உள்ளபடி எல்எம்75 என்ற வெப்பமானிச் சில்லின் பெயரை 0எக்ஸ்48 முகவரியில் பதிவு செய்யுங்கள். உணரி அளவீடுகள் வரும் எச்டபிள்யூமான் கோப்புறையில் டெம்ப்1_இன்புட் கோப்பு 25000 என்று காட்ட வேண்டும். அது மில்லி டிகிரி செல்சியஸ், அதாவது 25 டிகிரி. முழுப் பாதையையும் ஒரு பைசா செலவின்றி, எதையும் எரிக்காமல் பார்த்துவிட்டீர்கள். வரிசையை மாற்றாதீர்கள்: டிரைவர் ஒட்டிய பிறகு ஐ2சிசெட் அந்த முகவரியைத் தொட மறுக்கும்.

3. சரியான பஸ்ஸைப் பிடியுங்கள்

ஐ2சிடிடெக்ட் -எல் கட்டளை எல்லாப் பஸ்களையும் பட்டியலிடும். சாதாரணக் கணினியில்கூட வரிசை நீளமாக இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். திரைக்கான டிஸ்ப்ளே கேபிள்களிலும் ஐ2சி ஓடுகிறது, கிராபிக்ஸ் டிரைவர் அவற்றையும் பஸ்களாகப் பதிவு செய்கிறது. எண்ணைவிடப் பெயருக்கே மதிப்பு கொடுங்கள். பஸ் எண் நிலையானது அல்ல. அடாப்டர்களின் டிரைவர்கள் ஏறும் வரிசை மாறினால் இன்று 3 ஆக இருப்பது நாளை 4 ஆகலாம். டிவைஸ் ட்ரீயில் ஏலியஸ் (மாற்றுப் பெயர்) கொடுத்து எண்ணைக் கட்டிப்போட்டிருந்தால் மட்டுமே நம்பலாம்.

மேசைக் கணினியின் முதன்மை எஸ்எம்பஸ்ஸில் (ஐ2சி வகையைச் சேர்ந்த பஸ்) கை வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நினைவக அட்டைகளின் விவரங்களை வைத்திருக்கும் எஸ்பிடி ஈப்ராம்கள் (மின்சாரம் போனாலும் தரவு அழியாத சில்லுகள்) 0எக்ஸ்50 முதல் 0எக்ஸ்57 வரையிலான முகவரிகளில் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் தவறாக ஒரு பைட் எழுதினாலும் அந்த அட்டையோடு கணினி தொடங்காமல் போகலாம். கற்றுக்கொள்ள அந்தப் பஸ் ஏற்ற இடம் அல்ல.

4. முகவரியை உறுதி செய்யுங்கள்

ஐ2சிடிடெக்ட் -ஒய் 1 என்று கொடுத்தால் பஸ் 1-இன் கட்டம் வரும். கோடுகள் இருந்தால் பதில் இல்லை என்று பொருள். எண் இருந்தால் யாரோ பதில் தருகிறார்கள். யுயு என்று இருந்தால் அந்த முகவரியை ஒரு டிரைவர் ஏற்கெனவே பிடித்திருக்கிறது. இந்த யுயு-வை நினைவில் வைத்திருங்கள், 7-ஆம் படியில் இது தேவைப்படும்.

ஸ்கேன் செய்வது தீங்கற்றது என்று நினைத்துவிடாதீர்கள். அது சில்லுகளுக்கு உண்மையான சமிக்ஞைகளை அனுப்புகிறது. சில திங்க்பேட் மடிக்கணினிகளில் இருந்த ஏடி24ஆர்எஃப்08 என்ற ஈப்ராமின் தரவை ஸ்கேன் அனுப்பும் விரைவு எழுதுதல் கெடுத்துவிடும் என்று கருவியின் கையேடே எச்சரிக்கிறது. உங்கள் போர்டில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்த பஸ்ஸில் மட்டும் ஸ்கேன் செய்யுங்கள்.

முகவரியில் மிக அதிகமானவர்கள் விழும் பொறி இதுதான்: சில டேட்டாஷீட்டுகள் 8-பிட் முகவரியைக் கொடுக்கின்றன. படிக்கவா எழுதவா என்பதைச் சொல்லும் கடைசி பிட்டையும் சேர்த்து 0எக்ஸ்ஏ0 என்று அச்சிட்டிருப்பார்கள். லினக்ஸுக்கு வேண்டியது 7-பிட் முகவரி, அதாவது அதில் பாதி: 0எக்ஸ்50. 0எக்ஸ்ஏ0 என்றே கொடுத்தால் கர்னல் ஏற்காது. முகவரி 0எக்ஸ்77-ஐத் தாண்டினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஒரே முகவரியில் வேறு வேறு சில்லுகள் இருக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். டிஎஸ்3231 கடிகாரமும் எம்பியு6050 அசைவு உணரியும் இரண்டுமே 0எக்ஸ்68-ஐப் பயன்படுத்துகின்றன. ஸ்கேனில் 68 தெரிந்தால் எது என்று கர்னலுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். இரண்டையும் ஒரே பஸ்ஸில் மாட்ட வேண்டுமானால் உணரியின் ஏடி0 பின்னை உயர்நிலைக்கு இழுத்து 0எக்ஸ்69-க்கு மாற்றுங்கள்.

5. பெயரைத் தேர்ந்தெடுங்கள்

கர்னலுக்குக் கொடுக்க வேண்டியது சில்லின் பெயர், மாட்யூலின் பெயர் அல்ல. டிஎஸ்3231-ஐ இயக்கும் மாட்யூலின் பெயர் ஆர்டிசி-டிஎஸ்1307. ஆனால் நீங்கள் எழுத வேண்டியது டிஎஸ்3231. டிரைவருக்குள் அது ஆதரிக்கும் பெயர்களின் பட்டியல் இருக்கிறது, அதில் உள்ள எழுத்துகள் அப்படியே பொருந்த வேண்டும். பெரிய எழுத்தில் எழுதினால் பொருந்தாது. நீளம் 19 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும்.

பட்டியலைப் பார்க்க மூலநிரலைத் திறக்க வேண்டியதில்லை. மோட்இன்ஃபோ ஆர்டிசி-டிஎஸ்1307 என்று கொடுங்கள். ஏலியஸ் வரிகளில் ஐ2சி என்ற முன்னொட்டுக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் வருபவைதான் செல்லுபடியாகும் பெயர்கள். சில்லின் பெயர் தெரிந்து மாட்யூல் தெரியாவிட்டால், கர்னல் பதிப்பின் மாட்யூல்கள் கோப்புறையில் இருக்கும் மாட்யூல்ஸ்.ஏலியஸ் கோப்பில் தேடுங்கள்.

ஈப்ராம்களில் இது வெறும் பெயர்ப் பொருத்தம் அல்ல, தரவின் பாதுகாப்பு. 24சி02 உள்முகவரிக்கு ஒரு பைட் எடுத்துக்கொள்ளும், 24சி32 இரண்டு பைட்கள். சிறிய சில்லைப் பெரியதன் பெயரில் பதிவு செய்து எழுதினால், முகவரியின் இரண்டாவது பைட்டை அந்தச் சில்லு தரவு என்று எடுத்துச் சேமித்துவிடும். சில்லின் முதுகில் அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி வைத்தாவது படித்துவிட்டு எழுதுங்கள்.

6. பதிவு செய்யுங்கள்

டிஎஸ்3231 பொருத்திய சிறு பலகைகள் பலவற்றில் கடிகாரத்தோடு ஏடி24சி32 ஈப்ராம் ஒன்றும் 0எக்ஸ்57-இல் சேர்ந்தே வருகிறது. இரண்டையும் பஸ் 1-இல் பதிவு செய்வோம். முதலில் டிரைவர்களை ஏற்றிவிடுங்கள்: மோட்ப்ரோப் ஆர்டிசி-டிஎஸ்1307, அடுத்து மோட்ப்ரோப் ஏடி24. புதிய சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் சேவை தானாகவே ஏற்றும் என்பது உண்மைதான். ஆனால் அது சற்று நேரம் கழித்து நடக்கும், அடுத்த வரியிலேயே சாதனத்தைப் படிக்கப் பார்க்கும் ஸ்கிரிப்ட் அப்போது தோற்றுவிடும். டிரைவர் முன்கூட்டியே இருந்தால் பெரும்பாலான சில்லுகளில் கட்டளை முடியும்போதே எல்லாம் தயாராக இருக்கும்.

பிறகு:

எக்கோ டிஎஸ்3231 0எக்ஸ்68 | சூடோ டீ /சிஸ்/பஸ்/ஐ2சி/டிவைசஸ்/ஐ2சி-1/நியூ_டிவைஸ்

எக்கோ 24சி32 0எக்ஸ்57 | சூடோ டீ /சிஸ்/பஸ்/ஐ2சி/டிவைசஸ்/ஐ2சி-1/நியூ_டிவைஸ்

முதலில் பெயர், பிறகு இடைவெளி, பிறகு முகவரி. அவ்வளவுதான், வேறு எதுவும் சேர்க்கக் கூடாது.

டீ எதற்கு? சூடோ எக்கோ என்று எழுதி, பெரிதுக் குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். சூடோ ரூட்டாக ஓட்டுவது எக்கோவை மட்டும்தான். கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல் (கட்டளைகளை ஏற்கும் நிரல்), அதற்கு ரூட் உரிமை இல்லை. டீ ரூட்டாக ஓடி, கோப்பைத் தானே திறந்து எழுதும். அந்தக் கோப்பில் ரூட் மட்டுமே எழுத முடியும், யாராலும் படிக்க முடியாது. அனுமதிகளைச் சிஎச்மோட் கொண்டு திறந்துவிடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

வெற்றி என்றால் டிமெசேஜ் (dmesg) காட்டும் கர்னல் செய்திப் பதிவில் இன்ஸ்டான்ஷியேட்டட் டிவைஸ் என்ற சொற்களோடு, பெயரும் முகவரியும் கொண்ட ஒரு வரி வரும். பிழை வந்தால்:

- இன்வேலிட் ஆர்க்யுமென்ட்: முகவரி விட்டுப்போயிருக்கிறது, அல்லது 8-பிட் முகவரி, அல்லது கூடுதலாக ஏதோ எழுதியிருக்கிறீர்கள். எது என்று டிமெசேஜ் தெளிவாகச் சொல்லும்.
- டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி: அந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு சாதனம் பதிவாகியிருக்கிறது. டிவைஸ் ட்ரீயே பதிவு செய்திருக்கலாம், டிரைவர் இல்லாமலும் இருக்கலாம். 1-0068 (பஸ் 1, முகவரி 68) என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பஸ்ஸைப் பல தடங்களாகப் பிரிக்கும் மல்டிபிளெக்சருக்குப் பின்னால் உள்ள பஸ் என்றால் தாய்ப் பஸ்ஸிலும் தேடுங்கள், அங்கே அதே முகவரி இருந்தாலும் கர்னல் மறுக்கும்.

7. டிரைவர் ஒட்டியதா என்று பாருங்கள்

இந்த முழு வேலையிலும் முக்கியமான படி இதுதான். நியூ_டிவைஸ் பிழையில்லாமல் முடிந்தது என்றால், நீங்கள் சொன்னதைக் கர்னல் குறித்துக்கொண்டது என்று மட்டுமே பொருள். சில்லு இருக்கிறது என்றோ டிரைவர் கிடைத்தது என்றோ பொருள் இல்லை. காலி முகவரியில், இல்லாத பெயரைக் கொடுத்துப் பாருங்கள், அதையும் கர்னல் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். டிரைவர் சில்லைத் தொடங்கிப் பார்க்கும் ப்ரோப் தோற்றாலும் எக்கோ வெற்றியே காட்டும். கட்டளை வெற்றி என்று நம்பி வயரிங்கில் மணிக்கணக்காகத் தேடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரிபார்க்க மூன்று வழிகள். முதலாவது, டிவைசஸ் கோப்புறையில் 1-0068 என்ற புதிய கோப்புறைக்குள் டிரைவர் என்ற இணைப்பு இருக்க வேண்டும். கோப்புறை இருந்து இணைப்பு இல்லை என்றால் டிரைவர் ஒட்டவில்லை. இரண்டாவது, மறுபடி ஸ்கேன் செய்தால் 68 இருந்த இடத்தில் யுயு வர வேண்டும். இன்னமும் 68 என்றே இருந்தால் பதிவு ஆகியிருக்கிறது, டிரைவர் ஒட்டவில்லை. மூன்றாவது, டிமெசேஜின் கடைசி வரிகள்.

ஒட்டவில்லை என்றால் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. டிமெசேஜில் டிரைவரின் குரலே இல்லை என்றால் பெயர் பொருந்தவில்லை, அல்லது மாட்யூல் ஏறவில்லை. மாட்யூலைப் பின்னால் ஏற்றினாலும் கர்னல் தானே இணைத்துவிடும், பதிவைத் திரும்பச் செய்ய வேண்டாம். டிரைவர் பேசி, பிழை சொல்லி விலகியிருந்தால் சில்லு பதில் தரவில்லை என்று கொள்ளுங்கள்: கம்பி, புல்-அப், மின்சாரம் ஆகியவற்றைப் பாருங்கள். உதாரணமாக ஏடி24 டிரைவர் ப்ரோப்பின்போது ஒரு பைட் படித்துப் பார்க்கும், முடியாவிட்டால் விலகிக்கொள்ளும்.

எல்லாம் சரி என்றால் எச்டபிள்யூகிளாக் கட்டளை புதிய ஆர்டிசி-யை, அதாவது கடிகாரச் சில்லை, படிக்கும். ஈப்ராமின் தரவு 1-0057 கோப்புறையில் ஈப்ராம் என்ற கோப்பாகத் தெரியும்.

டிரைவர் ஒட்டிய முகவரியை ஐ2சிசெட், ஐ2சிகெட் கருவிகளால் -எஃப் (கட்டாயப்படுத்தும் தெரிவு) கொடுத்துத் தொடாதீர்கள். டிரைவர் ஒரு பதிவேட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்களும் குறுக்கே நுழைந்தால் யார் எதைப் படித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

8. நீக்குதல்

அதே பஸ் கோப்புறையில் டிலீட்_டிவைஸ் என்ற கோப்பு இருக்கும். அதில் முகவரியை மட்டும் எழுத வேண்டும்: 0எக்ஸ்68. ஒரு பஸ்ஸில் ஒரு முகவரிக்கு ஒரு சாதனம்தான் என்பதால் பெயர் தேவையில்லை. பயன்பாட்டில் உள்ள நிரல்களை முதலில் நிறுத்திவிடுங்கள்.

இங்கே குழப்பும் ஒரு பிழைச் செய்தி உண்டு. நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி என்று வரும். பாதை தவறு என்று தேடாதீர்கள். நியூ_டிவைஸ் வழியாகப் பதிவானவற்றின் பட்டியலில் அந்த முகவரி இல்லை என்பதே பொருள். டிவைஸ் ட்ரீ பதிவு செய்ததை இந்த வழியில் நீக்க முடியாது. அதை விடுவிக்க, டிரைவரின் கோப்புறையில் உள்ள அன்பைண்ட் கோப்பில் 1-0068 என்று எழுதுங்கள்.

9. மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிலைக்க

இந்தப் பதிவு கணினி அணையும்வரைதான். யுஎஸ்பி அடாப்டரைப் பிடுங்கினாலும் அதன் பஸ்ஸோடு சேர்ந்து போய்விடும்.

ஒவ்வொரு தொடக்கத்திலும் தானாகப் பதிவு செய்யச் சிஸ்டம்டி சேவை எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் திருப்புக் குறிகள் வேலை செய்யாது. ஷெல்லை அழைத்து, -சி கொடுத்து, கட்டளையை மேற்கோளுக்குள் வையுங்கள். சேவை வகை ஒன்ஷாட், ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட் எஸ். அடாப்டர் இன்னும் தோன்றாத நேரத்தில் சேவை ஓடினால் தோற்கும், சில தொடக்கங்களில் மட்டும் வேலை செய்து சிலவற்றில் செய்யாத பிழைக்கு இதுவே காரணமாக இருக்கும்.

அதனால் நான் யுடெவ் விதியையே பரிந்துரைக்கிறேன். ஆக்‌ஷன் ஆட், சப்சிஸ்டம் ஐ2சி, அடாப்டரின் நேம் பண்பு பொருந்த வேண்டும் என்ற நிபந்தனைகளைக் கொடுத்து, நியூ_டிவைஸ் பண்புக்கு டிஎஸ்3231 0எக்ஸ்68 என்ற மதிப்பை எழுதச் சொல்லுங்கள். ஒப்பிடும் இடங்களில் இரட்டைச் சமக்குறி, எழுதும் இடத்தில் ஒற்றைச் சமக்குறி. அடாப்டர் எப்போது வந்தாலும், எந்த எண்ணில் வந்தாலும் விதி சரியான பஸ்ஸைப் பிடிக்கும். யுஎஸ்பி அடாப்டர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

10. இந்த வழி போதாத இடங்கள்

நியூ_டிவைஸால் சொல்ல முடிந்தது பெயரும் முகவரியும் மட்டுமே. சில்லு கர்னலின் கவனத்தைக் கேட்கும் குறுக்கீட்டுப் பின் எது, மின்சாரம் எந்த ரெகுலேட்டரிலிருந்து வருகிறது, ரீசெட் பின் எங்கே என்பதையெல்லாம் சொல்ல இடமே இல்லை. தொடுதிரைக் கட்டுப்படுத்திகள் போன்று குறுக்கீடு இல்லாமல் இயங்க மறுக்கும் சில்லுகளுக்கு, டிவைஸ் ட்ரீயோடு சேர்க்கும் துணைக்கோப்பான டிவைஸ் ட்ரீ ஓவர்லேதான் வழி.

கடிகாரச் சில்லை நிரந்தரமாகப் பொருத்தப்போகிறீர்கள் என்றாலும் ஓவர்லேயே நல்லது. பயனர் வெளியிலிருந்து பதிவு செய்யும்போது கடிகாரம் தாமதமாகவே வருகிறது. அதற்கு முன் தொடங்கிய சேவைகளின் பதிவுகளில் தவறான நேரம் விழுந்துவிடும். ராஸ்பெர்ரி பையில் ஐ2சி-ஆர்டிசி என்ற ஓவர்லே தயாராகவே இருக்கிறது.

பிசிஏ9548 போன்ற மல்டிபிளெக்சரை இதே முறையில் பதிவு செய்யலாம். அதன் எட்டுத் தடங்களும் எட்டுப் புதிய பஸ்களாகத் தோன்றும், ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய நியூ_டிவைஸ் இருக்கும். நீக்கும்போது தடங்களில் உள்ள சாதனங்களை முதலில் நீக்கிவிட்டு, கடைசியில் மல்டிபிளெக்சரை நீக்குங்கள்.

ஐ2சி போலவே சில்லுகளை இணைக்கும் இன்னொரு பஸ்ஸான எஸ்பிஐ-யில் இதே கோப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே நியூ_டிவைஸ் இல்லை. எஸ்பிஐ சாதனத்துக்கு டிவைஸ் ட்ரீயில் இடம் ஒதுக்குங்கள்.